இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்போது

சென்னை
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய சத்தப் பதிவுகள் எல்லாவற்றையும் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். புது ஸ்டெபிலைசரைக் கழற்றிவிட்டுப் பழையதையே போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் கண்ணு. மெக்கானிக் அண்ணன் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். அதற்கும் இப்போது பணம் கட்டாதே. போனில் சொன்னால் பாதி உன் காதில் விழாது, மீதி மறந்துபோகும். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு எடுத்துப் பார்க்கிற மாதிரி எழுதியே தருகிறேன்.

அம்மாவுக்காகத்தான் நீ புது ஸ்டெபிலைசரை மாட்டினாய் என்று எனக்குத் தெரியும். ஆழியாரைத் தாண்டினால் வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றில் வண்டி இந்தப் பக்கம் சாயும், அடுத்ததில் அந்தப் பக்கம் சாயும். அட்டகட்டி வருவதற்குள் அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். இப்போது சாய்வு குறைந்திருக்கிறது, தலைசுற்றல் இல்லை என்று அம்மாவே சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். நீ செய்த வேலை பலித்துவிட்டது. இனி சத்தம் ஒன்றுதான் பாக்கி. அதற்குப் பயந்து பலித்ததைக் கழற்ற வேண்டாம்.

உன் கடிதத்தில் ஒரு வரி போகிறபோக்கில் வருகிறது. "மெயின் ரோட்டு ஸ்பீடு பிரேக்கரில் நேராக ஏறினால் டொக் சத்தம் வரவில்லை அக்கா, நம் வீட்டு கேட்டில் திருப்பி ஏற்றும்போதுதான் வருகிறது." பாதி விடை இந்த வரியிலேயே இருக்கிறது.

ஸ்டெபிலைசர் என்பது முறுக்கினால் திரும்ப நிமிர்கிற ஒரு எஃகுக் கம்பி, அவ்வளவுதான். நடுப்பகுதியை இரண்டு புஷ்கள் சப்ஃபிரேமோடு பிடித்திருக்கின்றன. இரண்டு முனையும் லிங்க் வழியாக இரண்டு ஸ்டிரட்டோடு சேர்கின்றன. இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் ஒரே அளவு மேலே போனால், கம்பி புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், முறுக்காது. ஒரு சக்கரம் மட்டும் ஏறினால்தான் அது முறுக்கிக்கொண்டு வேலை செய்யும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அமுங்கி உட்பக்கச் சக்கரம் இறங்கும்போதும் இதேதான் நடக்கிறது. கேட்டில் நீ சாய்வாக ஏற்றும்போது ஒரு சக்கரம் முதலில் ஏறுகிறது, கம்பி முறுக்குகிறது, அப்போது டொக். நேராக ஏறும்போது முறுக்கம் இல்லை, சத்தமும் இல்லை. ஷாக் அப்சார்பர் கெட்டிருந்தால் நேராக ஏறும்போதும் அது வேலை செய்துதான் ஆக வேண்டும், சத்தமும் அங்கே கேட்டிருக்க வேண்டும். அதனால்தான் உடனே பணம் கட்ட வேண்டாம் என்றேன்.

இருந்தாலும் உன் ஒரு வரியை நம்பி மட்டும் முடிவு செய்ய மாட்டேன். இன்னொரு தடவை முறையாகக் கேட்டுவிடு. அதற்கு முன் டிக்கியைக் காலி செய். ஜாக்கி, ஸ்பானர் பை, ஸ்டெப்னி, கதவுப் பையில் கிடக்கும் தண்ணீர் பாட்டில் எல்லாம் வெளியே. நீ அனுப்பிய பதிவு ஒன்றில் கடகடவென்று கேட்பது டிக்கியில் உருளும் ஜாக்கியாகக்கூட இருக்கலாம். பாட்டை நிறுத்து, கண்ணாடியை இறக்கு. நீளமான காம்பவுண்டு சுவர் இருக்கிற தெருவில் சுவரை ஒட்டி மெதுவாகப் போ. சத்தம் சுவரில் பட்டு ஜன்னலுக்குத் திரும்பி வரும், இடப்பக்கமா வலப்பக்கமா என்று அப்போதுதான் தெரியும். வண்டிக்குள் போனை வைத்துப் பதிவு செய்தால் பக்கம் தெரியாது. சத்தம் இரும்பிலேயே ஓடி டேஷ்போர்டுக்கு அடியில் வந்து கேட்கும்.

முதலில் அகலமான, சீரான வேகத்தடை ஒன்றைத் தேடிப் பிடி. இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி கட்டியது என்றால் போகிற திசையில் 3.7 மீட்டர் நீளமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்கும். தெருக்காரர்களாகச் சிமென்ட் போட்டுக் கட்டிய குட்டிச் சுவர் இதற்கு உதவாது. அதில் எந்த வண்டியும் சத்தம் போடும். அகலமான தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்படி நேராகப் போ. பிறகு அதே வேகத்தில் ஓரமாகப் போய் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காகிதத்தில் எழுது. அடுத்தது, வண்டியை நிறுத்தி முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று நகர்த்தி ஒவ்வொரு தடவையும் பிரேக்கை அழுத்து. அப்போது டொக் என்றால் கம்பிக்கு அதில் வேலையில்லை. லோயர் ஆர்ம் புஷ்ஷையோ சப்ஃபிரேம் போல்ட்டையோ பார்க்க வேண்டும். உன் வண்டியில் கம்பியை எடுக்க சப்ஃபிரேமை இறக்கினார்கள் என்று சொன்னாய் அல்லவா, அந்தப் போல்ட்டுகள் திரும்ப முழு இறுக்கத்துக்கு வந்தனவா என்று இதிலேயே தெரிந்துவிடும். கடைசியாக, வண்டி நிற்கும்போதே யாரையாவது ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லி, நீ முன் ஸ்பிரிங் மேல் கையை வைத்துப் பார். ஸ்பிரிங் சுழல மறுத்து, திடீரென்று உதறினால் அது ஸ்டிரட் மவுண்ட்.

மாட்டியபின் ஏன் புதிதாகச் சத்தம் வந்தது என்று நீ கேட்டாய். பழைய கம்பி 20 மி.மீ., புதியது 22. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 1.1-ஐ நான்கு தடவை பெருக்கிப் பார், 1.46 வரும். அதாவது அதே எஃகு, அதே வடிவம் என்றால் அதே அளவு முறுக்கத்துக்கு 46 சதவீதம் கூடுதல் விசை. அந்த விசை முழுவதும் லிங்க் வழியாகவும் புஷ் வழியாகவும் அந்தச் சின்ன பிராக்கெட் போல்ட்டுகள் வழியாகவும்தான் போகிறது. பழைய லிங்க்கில் ஏற்கெனவே கொஞ்சம் ஆட்டம் இருந்திருந்தால், மெல்லிய கம்பியோடு அது பேசாமல் இருந்திருக்கும். இப்போது வாயைத் திறக்கிறது. கம்பி மாற்றியபோது லிங்க்கை மாற்றவில்லை, பழையதையே போட்டோம் என்று நீ எழுதியிருப்பதால் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகிறது.

லிங்க்கை எப்படிச் சோதிப்பது என்பதைக் கவனமாகப் படி. பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான். ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, லிங்க்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் கல் மாதிரி நிற்கும். நல்லாத்தான் இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். ஒரு சக்கரம் தொங்கும்போது கம்பி முறுக்கிக்கொண்டு லிங்க்கை இழுத்துப் பிடித்திருக்கும், ஆட்டம் அதில் ஒளிந்துகொள்ளும். இரண்டு சக்கரமும் ஒரே மட்டத்தில் தரையிலோ ராம்ப்பிலோ இருக்கும்போது கம்பியில் முறுக்கு இல்லை, லிங்க் சும்மா இருக்கும். அப்போது பிடித்து மேலும் கீழும் வேகமாக உலுக்கு. பால் ஜாயின்ட் தேய்ந்திருந்தால் விரலிலேயே சொட்சொட்டென்று தெரியும். காதைவிட விரல் உண்மை சொல்லும். நீ விரலை லிங்க் மேல் வைத்துக்கொள், பக்கத்து வீட்டுப் பையனை வண்டியின் ஒரு பக்கத்தை அழுத்தி அழுத்தி விடச் சொல். இடுக்கில் கை மாட்டாத இடமாகப் பார்த்து வை.

நட்டைக் கழற்றுவதற்கும் இதே காரணம்தான். ஒரு பக்கம் மட்டும் தூக்கிய நிலையில் லிங்க் நட்டை எடுத்தால், முறுக்கியிருக்கும் கம்பி உதறிக்கொண்டு வெளியே வரும். கையோ பல்லோ போய்விடும். இரண்டு முன்சக்கரத்தையும் சமமாகத் தூக்கி, இரண்டு பக்கமும் ஜாக்கி ஸ்டாண்டு கொடுத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். செங்கல் வைக்கிற வேலையெல்லாம் கூடவே கூடாது. ஸ்டாண்டு இல்லையென்றால் பட்டறைக்குப் போய் லிஃப்டில் ஏற்று.

அந்த நட்டுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. லிங்க்கின் போல்ட் ஒரு பந்தின் தண்டு. நட்டைத் திருப்பினால் தண்டும் சேர்ந்து சுற்றும். தண்டின் முனையில் ஆலன் கீ போடும் குழியோ, பின்னால் ஸ்பானர் பிடிக்க ஒரு தட்டையான பகுதியோ இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். ஏர் கன்னை வைத்து டர்ரென்று அடித்தால், தண்டு சுற்ற, நட்டுக்குள் இருக்கும் நைலான் வளையம் கடினமாகத் தோன்ற, இறுகிவிட்டது மாதிரி இருக்கும். ஆனால் லிங்க் முகமும் கம்பி முகமும் ஒட்டியிருக்காது. ஓட்டை 12 மி.மீ., தண்டு 10 மி.மீ. என்று இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், முறுக்கும்போதெல்லாம் தண்டு ஓட்டைக்குள் நகர்ந்து டொக் டொக் என்று அடிக்கும்.

இன்னொன்று, புதுக் கம்பியின் முனைவரைக்கும் பவுடர் கோட்டிங் தடிமனாகப் பூசியிருக்கிறார்கள், உன் படத்தில் தெரிகிறது. நட்டை இறுக்கிய அன்று அந்தப் பெயின்ட்டின் மேல் இறுகியிருக்கும். ஓட ஓடப் பெயின்ட் நசுங்கி மெலிந்துபோகும், இறுக்கமும் அதோடு போய்விடும். முதல் இரண்டு வாரம் சத்தம் இல்லை, பிறகுதான் ஆரம்பித்தது என்று நீ சொன்னது இதற்கு அப்படியே பொருந்துகிறது. நட்டை எடுத்ததும் முகத்தைப் பார். சுற்றிலும் சமமாகப் பதிந்த வளையம் இருந்தால் அது நகரவில்லை. ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரி பளபளத்தாலோ, ஓட்டை நீள்வட்டமாகியிருந்தாலோ, குற்றவாளி கிடைத்துவிட்டது. லிங்க் உட்காரும் அந்த வட்டத்தில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்து, லேசாகத் துருத்தடுப்பு தடவு. நட்டு புதிதாக வாங்கு, நைலான் நட்டைத் திரும்பப் போடக் கூடாது. ஏர் கன் வேண்டாம், டார்க் ரெஞ்ச் வைத்து உன் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்கு. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒரு தடவை மறுபடியும் சரிபார்.

லிங்க்கைக் கழற்றிய கையோடு பந்தை விரலால் அசைத்துப் பார். நல்லது என்றால் கனமாக, வழுவழுப்பாக நகரும். தொளதொளவென்று விழுந்தால் இரண்டு பக்கமும் புது லிங்க் போட்டுவிடு. ஷாக் அப்சார்பரோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமேயில்லை. கம்பியின் முனையில் இரண்டு ஓட்டை இருக்கிறதே, இடமும் வலமும் ஒரே ஓட்டையில்தான் மாட்டியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். வெளி ஓட்டை கொஞ்சம் மென்மை, உள் ஓட்டை விறைப்பு. உனக்கு வெளி ஓட்டை போதும்.

இனி நீ எழுதியிருந்த அந்தக் கிரீச் சத்தம். இது வேறு சத்தம், வேறு இடம். டொக் சத்தத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே. மெதுவாகப் போகும்போது, வண்டி ஏறி இறங்கும் தாளத்திலேயே பழைய கட்டில் மாதிரி கிரீச் கிரீச் என்று வருகிறது. அது நேராக ஏறும்போதும் வரும், ஏனென்றால் கம்பி புஷ்ஷுக்குள் சுழன்றாலே போதும். மழையில் அடங்கி, காய்ந்ததும் திரும்ப வருகிறதா என்று பார். வந்தால் நீ போட்டிருக்கும் பாலியூரித்தேன் புஷ்தான். கம்பெனி ரப்பர் கொஞ்சம் தானே வளைந்து கொடுக்கும். பாலியூரித்தேன் வளைந்து கொடுக்காது, கம்பி அதற்குள் உரசிக்கொண்டுதான் சுழல வேண்டும். அதனால் அதற்கு உயவு வேண்டும். மாட்டிய அன்று தடவியது போயிருக்கும். நீ போய்வருகிற ஊர் அப்படி. வால்பாறைப் பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை கொட்டும் இடங்களில் ஒன்று, அந்தத் தண்ணீரில் சாதாரண கிரீஸ் எத்தனை நாள் நிற்கும்?

பிராக்கெட்டைக் கழற்றி, புஷ்ஷையும் கம்பியையும் துணியால் மண் இல்லாமல் துடைத்துவிட்டு, ஒட்டிப்பிடிக்கிற கெட்டியான சிலிக்கான் கிரீஸ் தடவு. வீல் பேரிங்குக்குப் போடும் கிரீஸ் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் ரப்பர் பாகங்களை அது ஊதவைத்துவிடும், மழைக்கும் நிற்காது. புஷ் உட்காரும் இடத்தில் கம்பியின் மேல் குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி அதன்மேல் கிரீஸ் வைப்பவர்களும் உண்டு, நன்றாகவே உழைக்கும். கிரீஸ் நிப்பிள் வைத்த பிராக்கெட் கிடைத்தால் இன்னும் நல்லது, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒரு அழுத்து அழுத்தினால் போதும்.

பிராக்கெட்டைத் திரும்ப மாட்டும்போது ஒன்று கவனி. போல்ட்டை இறுக்க இறுக்க புஷ் சிறிது நசுங்கிய பின்தான் பிராக்கெட்டின் காது சப்ஃபிரேமில் உட்கார வேண்டும். புஷ் நசுங்கும் முன்பே காது உட்கார்ந்துவிட்டால் புஷ் அந்தப் பிராக்கெட்டுக்குச் சிறியது. கம்பி அதற்குள் குதித்து, இன்னொரு டொக் சத்தத்தை உண்டாக்கும். கடப்பாரையின் நுனியை வைத்துக் கம்பியை நெம்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். புஷ்ஷில் அச்சடித்த விட்டமும் 22 தானா என்று படித்துப் பார்.

பாலியூரித்தேன் போட்டால் சத்தம் வரத்தான் செய்யும், பழகிக்கொள் என்று கோயம்புத்தூர் நண்பர்கள் சொன்னதாக எழுதியிருந்தாய். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓடுகிறவர்களுக்கு அது சரி. பந்தயக்காரர்கள் கம்பியின் விறைப்பை ஓட்டத்துக்கு ஓட்டம் மாற்றுவார்கள், வாரத்துக்கு வாரம் வண்டியைப் பிரிப்பார்கள். அங்கே யாரும் சத்தத்தைப் பொருட்படுத்துவதில்லை. உன் வண்டி அம்மாவை உட்காரவைத்து மலை ஏறுகிற வண்டி. பழகிக்கொள்ளாதே தம்பி. ஒரு சத்தத்துக்குக் காது பழகிவிட்டால் அதற்குள் ஒளிந்து வருகிற அடுத்த சத்தம் கேட்காது. லோயர் பால் ஜாயின்ட் தேய்ந்தாலும் முதலில் இப்படி டொக் என்றுதான் சொல்லும். அது கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். இதை நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வண்டிக்கு அடியில் இருக்கும்போதே கம்பி வேறு எதிலாவது படுகிறதா என்று பார்த்துவிடு. கம்பி பக்கவாட்டில் நகராமல் இருக்க புஷ்ஷை ஒட்டி ஒரு காலர் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் வளைவுகளில் கம்பி மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்து எதையாவது இடிக்கும். பெயின்ட் உரசிப் பளபளக்கும் இடத்தைத் தேடு. சந்தேகமான இடைவெளியில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டிவைத்து, தெருவில் ஒரு சுற்றுப் போய் வந்து பார். நசுங்கியிருந்தால் அங்கே படுகிறது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுவதும் ஒடித்து, டை ராடு, பிரேக் ஹோஸ், ஆக்சில் பூட் மூன்றும் கம்பியிலிருந்து விலகியிருக்கின்றனவா என்று பார். ஹோஸில் உரசல் தெரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்து, ஓட்டாதே.

இத்தனையும் செய்தும் சத்தம் நின்றபாடில்லை என்றால் கடைசிச் சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டு பக்க லிங்க்கையும் கம்பியிலிருந்து கழற்றி, கம்பி முனைகளும் தொங்கும் லிங்க்கும் சக்கரத்திலோ ஆக்சிலிலோ படாதபடி இறுகக் கட்டிவிட்டு, நம் தெருவுக்குள்ளேயே நடை வேகத்தில் அந்தக் கேட் சரிவில் ஏற்று. வண்டி அதிகமாகச் சாயும், அதனால் மெயின் ரோட்டுக்கே கொண்டுபோகாதே. சத்தம் நின்றுவிட்டால் கோளாறு கம்பி, லிங்க், புஷ் இந்த மூன்றுக்குள்தான். நிற்கவில்லை என்றால் மெக்கானிக் அண்ணன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அவரிடமே போய் ஸ்டிரட் மவுண்ட், லோயர் பால் ஜாயின்ட், ஆர்ம் புஷ் மூன்றையும் நெம்பிக் காட்டச் சொல். கண்ணால் பார்த்தபின் மனதாரப் பணம் கொடு.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பக்கம் விறைத்த வண்டி ஈரத்தில் வளைவுக்கு வெளியே தள்ளப் பார்க்கும். சாயவில்லையே என்ற தைரியத்தில் வேகத்தை ஏற்றாதே. சாய்வு குறைந்தால் டயரின் பிடி கூடிவிட்டது என்று அர்த்தமில்லை.

என்னிடம் இருக்கும் டார்க் ரெஞ்சை மாமா வெள்ளிக்கிழமை வரும்போது கொடுத்தனுப்புகிறேன். அதுவரை நட்டுகளைத் தொடாதே, அம்மாவைப் பஸ்ஸிலேயே அனுப்பு. லிங்க்கைக் கழற்றியதும் துணியால் துடைப்பதற்கு முன்பே அந்த இரண்டு முகத்தையும், ஓட்டையையும், புஷ்ஷின் உட்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. துடைத்துவிட்டால் நான் பார்க்க ஒன்றும் இருக்காது. இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து லிங்க் வரை வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழு. அடுத்த தடவை குனிந்து பார்க்கும்போது கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம், உடனே எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அக்கா